முதல் மாதிரி ராக்கெட்: எஸ்டெஸ் ஆல்ஃபா கிட்டை ஒட்டிப் பறக்கவிடும் முறை

அமெரிக்காவில் 1960களிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒட்டிப் பழகும் ராக்கெட்டுகளில் எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபாவும் ஒன்று. உயரம் ஏறத்தாழ 31 செ.மீ., குழாயின் விட்டம் 25 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பால்சா மரத்தில் மூன்று துடுப்புகள், 12 அங்குல பாராசூட். இதே அளவில் ஆல்ஃபா 3 என்றொரு கிட்டும் உண்டு. அதில் துடுப்புகள் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வருவதால் சீக்கிரம் முடிந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பால்சா ஆல்ஃபாவையே வாங்குங்கள். துடுப்பை நேராக ஒட்டக் கற்றவருக்கு அடுத்த பத்து ராக்கெட்டுகளும் எளிது.

கிட் பெட்டிக்குள் எஞ்சின் இருக்காது. எஞ்சின், அதைப் பற்றவைக்கும் ஸ்டார்ட்டர், தீப்பிடிக்காத வாடிங் தாள், லாஞ்ச் பேட் (ராக்கெட் கிளம்பும் மேடை), கண்ட்ரோலர் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் அனுப்பும் பொத்தான் கருவி) எல்லாம் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் இருக்க வேண்டியவை: மரப்பசை, கூரான கத்தி, மெல்லிய உப்புத்தாள், பென்சில், அளவுகோல், மாஸ்கிங் டேப், கொஞ்சம் முகப்பவுடர்.

எஞ்சின் பிடிப்பு

முதல் வேலை இதுதான். எஞ்சினைப் பொருத்தும் சிறிய குழாயில் குறித்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, உலோகக் கொக்கியின் மடிந்த நுனியை அதில் செருகுங்கள். கொக்கியின் மறுமுனை குழாயின் பின்பக்கம் வெளியே நீட்டியிருக்கும். முன்பக்கம் வழியாகத் தடுப்பு வளையத்தைப் பசை தடவி உள்ளே தள்ளி, கொக்கி நுனியில் முட்டியதும் நிறுத்துங்கள். எஞ்சின் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது இந்த வளையம்தான். பசையில் கஞ்சத்தனம் வேண்டாம். அட்டை வளையங்களைக் கிட் தாளில் காட்டிய இடங்களில் ஒட்டி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள்.

பிறகு இதைப் பெரிய குழாய்க்குள் நுழைக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அட்டை பசையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சில நொடி தயங்கினாலும் பிடிப்பு பாதி வழியில் இறுகிவிடும், பிறகு அசையாது. முதலில் பசையில்லாமல் நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வளையத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் குழாயின் உள்பக்கம் பசை தடவி, நிறுத்தாமல் ஒரே தள்ளில் உள்ளே அனுப்புங்கள்.

துடுப்புகள்

லேசர் வெட்டிய பலகையிலிருந்து துடுப்புகளை மெதுவாகப் பிரித்து, மூன்றையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து விளிம்புகளைத் தேயுங்கள். அப்போதுதான் மூன்றும் ஒரே அளவில் வரும். காற்றைக் கிழிக்கும் முன் விளிம்பை உருண்டையாக்குங்கள். குழாயில் ஒட்டும் அடி விளிம்பு மட்டும் தட்டையாகவே இருக்கட்டும். பின்னாளில் உடைந்த துடுப்புக்குப் பதிலாகப் புதிதாக வெட்டினால், மர ரேகை முன் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். ரேகை குழாய்க்கு இணையாக ஓடினால் தரையிறங்கும் முதல் தட்டிலேயே துடுப்பு பிளந்துவிடும்.

கிட்டோடு வரும் அளவுத் தாளைக் குழாயில் சுற்றி, 120 பாகை இடைவெளியில் மூன்று குறிகள் வையுங்கள். துடுப்புக்கோடும் லாஞ்ச் லக் (பேட்டின் கம்பியில் ராக்கெட்டைக் கோக்கும் சிறு குழல்) கோடும் குழாயின் நீளவாக்கில் சற்றும் சாயாமல் இருக்க வேண்டும். கதவு நிலையின் உள்மூலையில் குழாயைப் படுக்கவைத்து, விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு நேராக விழும். துடுப்பு ஒட்டும் இடத்தில் குழாயின் பளபளப்பை லேசாகத் தேய்த்து எடுங்கள். அந்தப் பளபளப்பில் பசை பிடிக்காது.

துடுப்பின் அடியில் மெல்லியதாகப் பசை தடவி, கோட்டில் அழுத்தி, உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி பசை தடவி வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் தானாக நிற்கும். குழாயின் பின்முனையிலிருந்து நேராகப் பார்த்துச் சாய்வைத் திருத்துங்கள். உடனடிப் பசை வேண்டாம். அது திருத்த நேரம் தராது, காய்ந்தபின் அதிர்ச்சியில் நொறுங்கவும் செய்யும். மூன்றும் நன்றாகக் காய்ந்தபின் துடுப்பும் குழாயும் சேரும் மூலை நெடுக ஒரு கோடு பசை விட்டு விரலால் வழித்துவிடுங்கள். குழாயைப் படுக்கைவாக்கில் வைத்தே காயவிடுங்கள், இல்லாவிட்டால் பசை வழிந்து கீழே திரண்டுவிடும். லக் குழலைத் துடுப்புகளுக்கு நடுவில் அதற்குரிய கோட்டில் ஒட்டுங்கள். அதன் துளைக்குள் பசையோ பெயின்டோ போகக் கூடாது.

இறங்கும் ஏற்பாடு

இந்த அளவு ராக்கெட்டுகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் உடைகின்றன. அதனால் இங்கே நிதானம் தேவை. ரப்பர் நாடாவின் ஒரு முனையைக் காகித மடிப்புக்குள் வைத்து, குழாயின் வாயிலிருந்து 3 முதல் 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். இன்னும் மேலே ஒட்டினால் மூக்கின் கழுத்துப்பகுதி அதில் இடிக்கும். மறுமுனையை மூக்கின் வளையத்தில் கட்டி, பாராசூட்டின் நூல்களையும் அங்கேயே கட்டுங்கள். முடிச்சுகளில் ஒரு சொட்டுப் பசை போதும்.

மூக்கின் இறுக்கத்தைச் சோதிக்க, மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தொங்கவிடுங்கள். குழாய் தானாக நழுவக் கூடாது. மெல்ல இழுத்தால் வந்துவிட வேண்டும். தளர்வாக இருந்தால் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று, இறுக்கமாக இருந்தால் உப்புத்தாள். பெயின்ட் அடிப்பதானால் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு என்றால் புல்லில் தேட எளிது.

எஞ்சின் எண்ணைப் படிப்பது

முதல் தடவைக்கு ஏ8-3 எஞ்சின். எழுத்து மொத்த உந்தத்தைச் சொல்கிறது: ஏ என்றால் 1.26 முதல் 2.5 நியூட்டன் விநாடி, பி அதன் இரு மடங்கு வரை, சி நான்கு மடங்கு வரை. 8 என்பது சராசரி விசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பு வரையுள்ள விநாடிகள். 18 மி.மீ. தடிமனும் 70 மி.மீ. நீளமும் உள்ள அட்டைக் குழலுக்குள் களிமண் நாசி (வாயு பீறிடும் துளை), கரிமருந்து, தாமத மருந்து, தள்ளுமருந்து என்று வரிசையாக அழுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதைத் திறக்கவோ குடையவோ கூடாது. 1950களில் அமெரிக்கப் பையன்கள் தாங்களே மருந்து கலந்து கையையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். மாதிரி ராக்கெட் முன்னோடிகளான ஆர்வில் கார்லைலும் ஹாரி ஸ்டைனும் 1957 வாக்கில் ஆலையில் செய்த, ஒருமுறை மட்டும் பயன்படும் எஞ்சினை முன்வைத்ததே அந்த விபத்துகளை நிறுத்தத்தான்.

பறக்கவிடும் நாள்

வாடிங் தாள் மூன்று நான்கை எடுத்துத் தளர்வாகக் கசக்கிக் குழாய்க்குள் விடுங்கள். திணித்து அடைத்தால் பாராசூட் வெளியே வராது. குறைத்தால் சூடான வாயுவில் அது உருகி ஒட்டிக்கொள்ளும். சாதாரண டிஷ்யூ தாள் எரிந்தபடியே புல்லில் விழும், அது வேண்டாம். பாராசூட்டில் முகப்பவுடர் தூவி மடித்து, நூலைத் தளர்வாகச் சுற்றி உள்ளே வையுங்கள். முந்தைய இரவே மடித்து வைத்தால், அதுவும் குளிர்காலத்தில், பிளாஸ்டிக் மடிப்பிலேயே உறைந்துவிடும். புறப்படும் முன் மடிப்பதே நல்லது.

எஞ்சினைக் கொக்கி பிடிக்கும்வரை தள்ளுங்கள். ஸ்டார்ட்டரின் நுனி நாசிக்குள் போய் மருந்தைத் தொட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் அடைப்பானால் அழுத்துங்கள். பொத்தானை அழுத்தியும் கிளம்பாத ராக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு நுனி மருந்தைத் தொடாததே காரணம். அடுத்தது பழைய பேட்டரி. கிளிப்புகள் ஒன்றையொன்றோ தீத்தடுப்புத் தகட்டையோ தொட்டாலும் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகாது.

காய்ந்த புல் இல்லாத திறந்தவெளி வேண்டும். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் விதிப்படி ஏ எஞ்சினுக்கு 100 அடி, பி எஞ்சினுக்கு 200 அடி, சி எஞ்சினுக்கு 400 அடி அகலமுள்ள மைதானம் குறைந்தபட்சம். மரங்களும் மின்கம்பிகளும் அருகில் இருந்தால் இந்த அளவு போதாது. காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசினால் வீடு திரும்புங்கள். பேட்டைச் சுற்றி 15 அடிக்குள் யாரும் இருக்கக் கூடாது. கண்ட்ரோலரின் பாதுகாப்புச் சாவி ராக்கெட்டைத் தொடுபவரின் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும். அவர் திரும்பி வந்தபின்பே அதைக் கண்ட்ரோலரில் செருகலாம். ஐந்திலிருந்து சத்தமாக எண்ணிவிட்டு அழுத்துங்கள். கிளம்பாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு கிட்டே போங்கள்.

மேலே போகும்போது ராக்கெட் காற்று வரும் திசைக்குத் திரும்பிச் சாயும். பதற வேண்டாம், துடுப்புகள் அப்படித்தான் வேலை செய்யும். மூக்கு பிரிந்தும் பாராசூட் விரியாவிட்டால் மடிப்பைச் சரிபாருங்கள். எஞ்சினே பின்பக்கம் தெறித்து விழுந்திருந்தால், கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை அல்லது மூக்கு மிக இறுக்கம். குழாயின் வாய் நீளவாக்கில் கிழிந்திருந்தால், ராக்கெட் வேகமாகப் போகும்போதே பாராசூட் விரிந்திருக்கிறது. விழும்போது விரிந்திருந்தால் தாமதம் குறைந்த எஞ்சினுக்கும், ஏறும்போதே விரிந்திருந்தால் தாமதம் கூடிய எஞ்சினுக்கும் மாறுங்கள்.

ஏ8-3 நன்றாக அமைந்தபின் பி6-4 போடலாம். சி எஞ்சினுக்கு அவசரம் வேண்டாம். ராக்கெட் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொண்டால், 100 மீட்டரிலிருந்து தரைக்கு வர 25 விநாடி. காற்றும் அதே வேகத்தில் வீசினால் 100 மீட்டர் தள்ளி விழும். 300 மீட்டர் போனால் விழுவதும் 300 மீட்டர் தள்ளி. பாராசூட்டின் நடுவில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்தால் சற்று வேகமாக இறங்கும், தேடும் தூரமும் குறையும்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கென்று கிட்டைக் கொண்டுவரலாம். எஞ்சினை மட்டும் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்காதீர்கள். பயணிகள் விமானத்தில் அதற்கு அனுமதி கிடையாது.