கண்ணாடி வீட்டை அந்திப்பொழுதில் படமெடுப்பது எப்படி: ஜூலியஸ் ஷுல்மனின் முறை

கீழே லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் விளக்குகள் கோடுகோடாக விரிந்திருக்க, மலைமுகட்டின் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும் ஒரு கண்ணாடி அறைக்குள் இரண்டு இளம்பெண்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் கண்ணில் எப்போதாவது பட்டிருக்கும். பியர் கோனிக் வடிவமைத்த ஸ்டால் இல்லத்தை ஜூலியஸ் ஷுல்மன் 1960 மே மாதத்தில் எடுத்த படம் அது. ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ இதழ் 1945இல் அறிவித்த மாதிரி வீட்டுத் திட்டத்தில் 22ஆம் எண் பெற்ற வீடு. ஒரே சொடுக்கில் எடுத்ததுபோல் தோன்றினாலும், அந்த ஒற்றை ஃபிலிமில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, நகரத்தின் வெளிச்சம் மட்டும் சுமார் ஏழு நிமிடம் பதிய ஷுல்மன் காத்திருந்தார். அதன் பிறகே ஃபிளாஷ் பல்புகள் மின்ன, இருட்டில் அமர்ந்திருந்த பெண்களும் அறையும் ஒரு கணத்தில் பதிந்தார்கள்.

வெளியையும் உள்ளையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்வதுதான் இந்த முறையின் உயிர்நாடி. அதற்கு ஓர் அடிப்படையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வானத்தையும் நகர விளக்குகளையும் மாற்றும். கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னி மறையும் ஃபிளாஷை அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரோ இரண்டையும் சேர்த்தே மாற்றும். ஆகவே ஃபிளாஷுக்கு ஏற்ப அப்பர்ச்சரை முதலில் முடிவு செய்துவிட்டு, வெளிப்புறத்துக்கு வேண்டியதை ஷட்டர் நேரத்தால் கூட்டிக் குறைக்க வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100இல் மீட்டர் கணக்கில் வழிகாட்டி எண் (ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்) 40 கொண்ட ஃபிளாஷை ஐந்து மீட்டர் தூரத்துக்கு நேராக அடித்தால் அப்பர்ச்சர் எஃப் 8 (40ஐ 5ஆல் வகுத்தால் கிடைப்பது). நேராக அடித்த ஒளி முகத்தில் அறைந்தாற்போல் இருக்கும் என்பதால் அதைக் கூரையில் பட்டுத் தெறிக்க விடுவதே நல்லது. அப்போது இரண்டு ஸ்டாப்பாவது இழக்க நேரும், அதாவது ஒளி நாலில் ஒரு பங்காகும். எஃப் 8ஐ விட்டுக்கொடுக்க மனமில்லையென்றால் ஐஎஸ்ஓவை 400ஆக உயர்த்தி, வெளிப்புறத்துக்கான ஷட்டர் நேரத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள்.

வேலை பகலிலேயே தொடங்குகிறது. எங்கே நிற்பது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்து, முக்காலியின் கால்கள் நிற்கும் இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மிட் சென்ச்சுரி மாடர்ன் என்று இன்று அழைக்கப்படும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இந்தப் பாணி வீடுகளின் அழகு நேர்கோடுகளில் இருக்கிறது: ஸ்டால் இல்லத்தில் 20 அடி இடைவெளியில் நிற்கும் மெல்லிய எஃகுத் தூண்கள், தட்டையான கூரை, கண்ணாடி, அவ்வளவுதான். கேமராவைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தாலும் தூண்கள் உள்நோக்கிச் சரிந்து, வீடே பின்னால் விழப்போவதுபோல் தெரியும். ஷுல்மன் போன்றவர்கள் லென்ஸை மட்டும் தனியே மேலே உயர்த்தக்கூடிய பெரிய வியூ கேமராவை வைத்திருந்தார்கள். இன்று அதே வேலையை ஷிஃப்ட் லென்ஸ் செய்யும். அந்த விலை கட்டுப்படியாகாதவர்கள் மட்டம் பார்த்துக் கேமராவை நேராக நிறுத்தி, சற்று அகலமான லென்ஸில் எடுத்து, கீழே மிகுந்துபோகும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். அக்கால நாற்காலிகளும் சோஃபாக்களும் உயரம் குறைந்தவை. கேமராவை நிற்பவரின் கண்ணளவில் வைக்காமல் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் அளவில் வைத்தால் அறை விரிந்து தெரியும்.

வீட்டுப் பொருள்களை இடம் மாற்றத் தயங்க வேண்டாம். ஷுல்மன் நாற்காலிகளைத் தம் விருப்பப்படி நகர்த்தினார். வெறுமையாகத் தெரியும் முன்புறத்தில் இலைக்கிளையைப் பிடிக்கச் செய்தும் படமெடுத்தார். சிலர் இதைப் பொய் என்பார்கள். வீட்டை விற்பதற்காக எடுக்கும் படம் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன்; ஒரு கட்டடக் கலைஞரின் எண்ணத்தைக் காட்டும் படத்தில் நாற்காலியை ஓரடி தள்ளிப்போடுவது தவறாகத் தோன்றவில்லை.

வெளியிலிருந்து எடுக்கும்போது வானம் முற்றிலும் கறுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. வானத்தின் ஒளியும் அறைச்சுவரின் ஒளியும் ஒரே அளவுக்கு வரும் ஒரு வேளை உண்டு. ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும், கேமராவின் ஸ்பாட் மீட்டரில் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் சூரியன் மறைந்த 15 முதல் 20 நிமிடங்களுக்குள் அது வரும். அதற்கு முன்பு கண்ணாடி வானத்தைப் பிரதிபலித்து உள்ளே இருப்பதை மறைக்கும். அதற்குப் பிறகு கூரையின் விளிம்பு இருளில் கரைந்துவிடும். லாஸ் ஏஞ்சலீஸில் சூரியன் மறைந்த பிறகான அந்தியொளி பருவத்தைப் பொறுத்து 25 முதல் 29 நிமிடம் நிற்கும். சென்னையில் சூரியன் இன்னும் செங்குத்தாக இறங்குவதால் 21 முதல் 23 நிமிடமே கிடைக்கும். அங்கே இதைப் பழகுபவர்களுக்கு அவசரம் சற்றுக் கூடுதல்.

பாம் ஸ்பிரிங்ஸில் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நொய்ட்ரா கட்டிய காஃப்மன் இல்லத்தை 1947இல் எடுத்தபோது இதே அவசரம்தான் ஷுல்மனுக்கும் வந்தது. உள்ளே எடுக்க வேண்டியவை இருக்கின்றன என்று நொய்ட்ரா தடுத்தும், மலைக்குப் பின்னால் வானம் மாறுவதைக் கண்டு அவர் வெளியே ஓடினார். ஒரே ஃபிலிமில் 45 நிமிடம், ஷட்டரைத் திறந்தும் மூடியும், வீட்டு விளக்குகளைப் போட்டும் அணைத்தும், மலை, வானம், அறை, நீச்சல்குளம் எல்லாவற்றையும் சேர்த்தார். குளத்தின் விளக்கு லென்ஸில் நேராக அடித்ததால், அதை மறைக்க வீட்டுக்காரம்மாவைக் குளக்கரையில் படுக்கச் சொன்னார். நிம்மதியாக ஓய்வெடுப்பவரைப்போல் அவர் படத்தில் தெரிகிறார். உண்மையில் விளக்குக்குத் திரையாகக் கிடந்தார்.

டிஜிட்டலில் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. கேமராவை அசைக்காமல், வானத்துக்கு ஒன்று, அறை விளக்குகளுக்கு ஒன்று, ஃபிளாஷுக்கு ஒன்று என்று தனித்தனியாக ரா கோப்புகளாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருப்பவை) எடுத்து, பிறகு லேயர்களாக அடுக்கி, வெளிச்சமான பகுதி மட்டும் மேலெழும் லைட்டன் முறையில் சேர்க்கலாம். அசைக்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை மரப்பலகைத் தளத்தில் முக்காலியை நிறுத்தி எடுத்தேன். பின்னால் யாரோ காப்பி கொண்டுவந்த நடையில் தளம் மெல்லக் குலுங்க, பதினோரு படங்களில் எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. அன்றுமுதல் மரத்தளம் என்றால் யாரையும் நடக்க விடுவதில்லை, ரிமோட்டை மட்டுமே தொடுகிறேன்.

அறைக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுப்பதானால் கணக்கு தலைகீழாகும். இருட்டிய பிறகு கண்ணாடி வெறும் முகம்பார்க்கும் கண்ணாடிதான்; உங்கள் முக்காலியும் முகமும் அதில் நிற்கும். வெளிப்புறத்துக்கான படத்தின்போது எல்லா விளக்குகளையும் அணைத்து, வைஃபை பெட்டியின் பச்சைப் புள்ளியைக்கூடத் துணியால் மூடி, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடிக்கச் சொல்லுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்ப வேண்டாம். கண்ணாடியின் பரப்போடு சுமார் 35 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான் அது முழுமையாக வேலை செய்யும், நேராகப் பார்த்தால் அதனால் பயனில்லை.

மனிதர்களைக் கடைசியில் சேருங்கள். நீண்ட ஷட்டர் நேரத்தில் அவர்கள் அசைந்தாலும், இருட்டில் இருக்கும்வரை படத்தில் எதுவும் பதியாது. ஆனால் மேசைவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தாலும் ஆவிபோல் ஒரு நிழல் படிந்துவிடும். இருட்டில் பேசிக்கொண்டிருக்கச் சொல்லி, குரல் கொடுத்ததும் அப்படியே நிற்கச் செய்து ஃபிளாஷை அடியுங்கள். கண் சிமிட்டியிருப்பார்கள் என்பதால் மூன்று முறையாவது அடித்துவிட்டு, அதன் பிறகே தரையில் ஒட்டிய டேப்பைப் பிரியுங்கள்.