ஹோகிடிக்கா காட்டுணவுத் திருவிழா: முதன்முறை செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தென்தீவில், டாஸ்மன் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஹோகிடிக்கா, 1860களில் பொன் தேடி வந்தவர்களால் உருவான ஊர். இன்று அங்கே ஏறத்தாழ 3,000 பேர் வாழ்கிறார்கள். கோர்ஸ் என்னும் முட்செடியின் பூவிலும் ரோஜா இதழ்களிலும் மது வடித்துவந்த கிளேர் பிரையன்ட் என்ற உள்ளூர்ப் பெண்மணியின் முயற்சியால் 1990ஆம் ஆண்டு தொடங்கிய, புழு பூச்சி முதலிய வழக்கத்துக்கு மாறான பண்டங்களைச் சுவைக்கத் தரும் காட்டுணவுத் திருவிழாதான் இவ்வூரை வெளியுலகம் அறியச் செய்தது.

இதற்குச் செல்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதை அருவருப்பை வெல்லும் பந்தயமாக நினைப்பதுதான். பந்தயம் கட்டிக்கொண்டு ஒரு புழுவை விழுங்கி, முகத்தைச் சுளித்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுபவர், தாம் எதை உண்டோம் என்பதையே அறியாமல் ஊர் திரும்புகிறார். அங்கே பெயர்பெற்ற ஹுஹு புழு, நியூசிலாந்துக்கே உரிய நீளக்கொம்பு வண்டு ஒன்றின் இளம்பருவம். பட்டுப்போன மரத்தைக் குடைந்து தின்று ஈராண்டு, மூவாண்டு வளர்ந்து விரல் பருமனை எட்டுவது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வழிவழியாக உண்டுவந்த, கொழுப்புச் சத்து மிகுந்த உணவு. திருவிழாவில் உளுத்த கட்டையைக் கோடரியால் பிளந்து, புழுவை உங்கள் கண்முன்னே எடுத்துத் தருவார்கள். பச்சையாக உண்பவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உடலை மட்டும் கடிக்க வேண்டும், ஏனெனில் மரத்தையே அரைக்கும் தாடைகள் அந்தத் தலையில்தான் இருக்கின்றன. முதன்முறை உண்பவர்களுக்கு வதக்கியதே நல்லது என்பது என் கருத்து. அதில் வேர்க்கடலையை நினைவூட்டும் சுவை தெரியும். மழைக்குப் பின் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகவும் இராது.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் பூச்சி உணவுகளைத் துணிந்து சுவைப்பது ஆபத்தான தவறு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் இறாலிலும் பூச்சியிலும் மிக ஒத்திருப்பதால், ஒன்று சேராதவருக்கு மற்றொன்றும் சேராமல் போகக்கூடும். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள், பண்டம் எதில் பொரிக்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. ஆட்டின் விரைகளுக்கு 'மலைச் சிப்பி' என்று பெயர் சூட்டியிருப்பார்கள். பெயரை நம்பி வாங்காமல் விசாரித்து வாங்குங்கள்.

விழா ஒரே நாள்தான், வழக்கமாக மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடைபெறும். சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் கூடுவதால் (2003ஆம் ஆண்டில் 22,000 பேருக்கு மேல் வந்தார்கள்), நுழைவுச்சீட்டை முதலில் வாங்கிவிட்டுத் தங்குமிடத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள கிரேமவுத்தில்கூட அறை கிடைப்பது அரிது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் கணவாய் வழியாக வரும் சாலைப் பயணத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். காலையில் புறப்பட்டு இரவே திரும்பும் திட்டம், மதுவும் மலைவளைவுகளும் சேரும் நாளில் வேண்டாம்.

இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா பெற்றிருக்க வேண்டும். அதைவிடப் பலர் சறுக்குவது விமான நிலையத்தில்தான்: வீட்டில் இடித்த பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் நாட்டுக்குள் நுழைவோர் நிரப்பும் படிவத்தில் குறிப்பிடாமல் கொண்டுசென்றால், அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படலாம். குறிப்பிடுவதில் எந்த நட்டமும் இல்லை. அனுமதிக்க முடியாத பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவே.

சென்னையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மழை பெய்யும் கரை அது. குடையைவிட மழைச்சட்டையே உதவும். கணுக்காலைத் தேடிக் கடிக்கும் கருநிற மணல் ஈக்களுக்குப் பூச்சுமருந்தும் தேவை.

கடைசியாக, வியப்புப் பண்டங்களாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, ஊர்க்காரர்கள் உயிராக நினைக்கும் வைட்பெய்ட் மீன் அடையைத் தவறவிடாதீர்கள். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மீன்குஞ்சுகளே வைட்பெய்ட். ஐந்து இன மீன்களின் குஞ்சுகளுக்குச் சேர்த்து வழங்கும் பெயர் அது, அவற்றுள் சில அருகிவருபவை. பிடிப்புக்காலம் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மட்டுமே என்பதால் மார்ச்சில் கிடைப்பது உறையவைத்த மீன்தான். அதைக் குறையாகக் கருத வேண்டாம். மாவு மிகுந்த அடையில் மீனின் மென்சுவை மறைந்துவிடும். ஆகவே முட்டையில் மட்டுமே பிணைத்து வார்க்கும் கடையைத் தேடிப் பிடித்து, ரொட்டித் துண்டில் வைத்து, எலுமிச்சை சில சொட்டுகள் பிழிந்து, சூடு ஆறும் முன் உண்ணுங்கள்.