ஊட்டியின் பழைய மதுவிடுதிக்காரரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் பழைய பப் நடத்தியவரைப் பிடிப்பது சுலபம். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில் பெயரும் தொழிலும் இருக்கும், 1931 தாள்கள் மட்டும் தீயில் போய்விட்டன. நம்மூர்க் கதை வேறு. 1871, 1881 கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது மொத்த எண்ணிக்கைதான், வீடுவாரியான பெயர்கள் இல்லை, அதனால் ஊட்டியிலோ குன்னூரிலோ வெள்ளைக்காரர்களுக்கு விடுதி நடத்தியவரை அதில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரே சர்ச் பதிவுகளுக்குப் போங்கள். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிள்ளையின் ஞானஸ்நான வரியில் அப்பாவின் தொழில் ‘ஹோட்டல் கீப்பர்’ என்று இருந்தால் சரி, ஆள் சிக்கிவிட்டார்!

அப்புறம் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லறைத் தோட்டம். பாசி படிந்த கல்லில் எழுத்து மங்கலாக இருந்தால் காலைச் சாய்வெயிலில் படியுங்கள், சுரண்டவே கூடாது. மதுக்கடை உரிம விவரத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். அங்கே ‘ஆப்காரி’ (மதுவரிக்கு அந்தக் காலத்துப் பெயர்) என்று கேளுங்கள்.