கேஸ் போடும் முன் மூலப்பத்திரத்தைப் பாருங்கள்: எஸ்சிஓ செய்த தவறுகள்

"எங்கள் புரோகிராம் கோடைத் திருடி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஓப்பன் சோர்ஸில் போட்டுவிட்டார்கள்" என்று யார் மேலாவது வழக்குப் போட உங்களுக்குக் கை துறுதுறுக்கிறதா? வக்கீலுக்கு ஃபோன் போடும் முன் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த எஸ்சிஓ குரூப்பின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

கால்டெரா என்று ஒரு கம்பெனி, லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தை (ஆபரேட்டிங் சிஸ்டம்) விற்றுவந்தது. 2001-ல் சாண்டா குரூஸ் ஆபரேஷன் என்ற கம்பெனியிடமிருந்து யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வியாபாரத்தை வாங்கியது, அடுத்த வருடம் எஸ்சிஓ குரூப் என்று பெயரை மாற்றிக்கொண்டது, 2003 மார்ச்சில் ஐபிஎம் மேல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. யூனிக்ஸ் ரகசியங்களை ஐபிஎம் லினக்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாம். கேட்ட தொகை அப்புறம் 300 கோடி, 500 கோடி என்று ஏறியது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தவறு, சொத்து யார் பேரில் இருக்கிறது என்று சரியாகப் பார்க்காதது. மனை வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்காமல் வேலி போடுவாரா? இவர்கள் போட்டார்கள். யூனிக்ஸ் வியாபாரத்தை சாண்டா குரூஸுக்கு 1995-ல் விற்றது நாவெல் என்ற மென்பொருள் கம்பெனி. அந்த ஒப்பந்தத்தில் 'விற்பனையில் சேராதவை' என்று ஒரு பட்டியல், அதில் பதிப்புரிமைகள் எல்லாம் இருந்தன. 1996-ல் வந்த ஒரு திருத்தம் அதைக் கொஞ்சம் குழப்பிவிட்டது உண்மைதான். ஆனால் குழப்பம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொண்டல்லவா அடுத்தவனை வம்புக்கு இழுக்க வேண்டும்? வழக்குப் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, "உரிமை எங்களுடையது, அதை மாற்றித் தரச்சொல்லி நீங்களே எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே" என்று நாவெல் பகிரங்கமாகக் கடிதம் எழுதிவிட்டது. 2007 ஆகஸ்டில் நீதிபதி டேல் கிம்பால் நாவெல் பக்கம் தீர்ப்புச் சொன்னார், அடுத்த மாதமே எஸ்சிஓ திவால் மனுப் போட்டது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு அசைந்து, விஷயம் ஜூரி வரை போய், 2010 மார்ச்சில் ஜூரியும் நாவெல்தான் சொந்தக்காரர் என்றது.

அடுத்தது ஆதாரம். எந்த ஃபைல், எந்த வரி என்று கேட்டால் எஸ்சிஓ வாயைத் திறக்காது. 2003 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த தன் மாநாட்டில் 'திருட்டு கோட்' என்று சில ஸ்லைடுகளைக் காட்டியது, அதிலும் யாரும் படித்துவிடக் கூடாது என்று சில வரிகளை கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள் (எழுத்துருவைத் திருப்பி மாற்றினால் படித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போல). படம் வெளியே வந்ததும் லினக்ஸ்காரர்கள் குடைந்து எடுத்துவிட்டார்கள். ஒரு துண்டு 70களின் பழைய யூனிக்ஸ் கோட். அந்தப் பழைய பதிப்புகளை 2002 ஜனவரியில் பிஎஸ்டி பாணி லைசென்ஸில் எல்லோருக்கும் திறந்துவிட்டதே கால்டெராதான். இன்னொன்று பெர்க்லியில் பிறந்த பாக்கெட் ஃபில்டர் (நெட்வொர்க்கில் வரும் தகவல் துண்டுகளை வடிகட்டும் கோட்), அது எஸ்சிஓ சொத்தே கிடையாது. பிறகு நீதிமன்றத்திலும் இதே மழுப்பல். 2006-ல் நீதிபதி புரூக் வெல்ஸ் கடைத் திருட்டை உதாரணமாகச் சொன்னார்: கடையிலிருந்து வெளியே வந்தவரைப் பிடித்து, என்ன திருடினேன் என்று கேட்டால் கடையின் முழுச் சரக்குப் பட்டியலையும் கையில் கொடுத்து "இதில் எங்கேயோ இருக்கிறது, நீயே கண்டுபிடி" என்பதுபோல இருக்கிறது என்று. எஸ்சிஓ பட்டியலிட்ட குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதியைத் தள்ளியும் விட்டார். ஆகவே உங்கள் கோடையும் அவர்கள் கோடையும் நீங்களே முதலில் வரிவரியாக ஒப்பிட்டு, எந்த வரி எப்போது யார் எழுதியது என்று வரலாற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் போகும், போகட்டும்.

இன்னொன்று, நீங்கள் எதன் மேல் வழக்குப் போடுகிறீர்களோ அதை நீங்களே விநியோகிக்கிறீர்களா என்று பாருங்கள். எஸ்சிஓ ஜிபிஎல் லைசென்ஸில் (வாங்கியவர் யாரும் கோடைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம் என்று அனுமதி தருவது) லினக்ஸ் விற்றுவந்த கம்பெனி. வழக்குப் போட்ட பிறகும் விற்றுக்கொண்டிருந்தது, மே மாதம்தான் நிறுத்தியது.

வாடிக்கையாளர் மேல் கை வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன. சுமார் 1,500 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம், லினக்ஸ் ஓட்டும் சர்வருக்கு 699 டாலர் லைசென்ஸ், 2004-ல் தன்னிடம் யூனிக்ஸ் வாங்கியிருந்த ஆட்டோசோன் என்ற கார் உதிரிபாகக் கடை மேலேயே ஒரு வழக்கு, டைம்லர்கிரைஸ்லர் கார் கம்பெனி மேல் இன்னொன்று. "அந்த யூனிக்ஸை நாங்கள் தொட்டே ஏழு வருடத்துக்கு மேல் ஆகிறது" என்றது டைம்லர்கிரைஸ்லர். அந்த வழக்கு சில மாதத்திலேயே கிட்டத்தட்ட முழுதும் தள்ளுபடி. இப்படிப்பட்ட கம்பெனியிடம் புதிதாக யார் சரக்கு வாங்குவார்கள்?

இத்தனைக்கும் நடுவில் பங்கு விலை ஏறியது, அதுதான் கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன். ஓரிரு டாலரில் கிடந்த பங்கு 2003 அக்டோபரில் 20 டாலரைத் தொட்டது. நான்கு வருடம் கழித்து நாஸ்டாக் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

ஐபிஎம் வழக்கு 2021-ல்தான் முடிந்தது. 500 கோடி கேட்டதற்கு சமரசத்தில் வந்தது 1 கோடியே 42.5 லட்சம் டாலர், அதுவும் திவால் நிர்வாகியின் கைக்கு. யூனிக்ஸ் வியாபாரத்தை 2011-லேயே விற்றாகிவிட்டது, எஸ்சிஓ என்ற பெயரும் அதோடு போய்விட்டதால் பணம் வாங்கிய கம்பெனியின் பெயர் அப்போது டிஎஸ்ஜி குரூப்.