இருக்கிற ஸ்கீமாவை இல்லை என்றது

ராயபுரத்தில் ஒரு சின்ன அலுவலகம். காசிமேட்டு ஐஸ் கடைகளின் கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம், கடைக்கு ஒரு ஸ்கீமா, அதாவது டேபிள்களை வைக்கும் தனி அறை மாதிரி. போன வாரம் விடியற்காலை, கடையில் வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில், கூட வேலை செய்யும் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, ஸ்கீமா இல்லைன்னு காட்டுது. உருவாக்கப் போனா ஏற்கெனவே இருக்குங்குது!"

எழுத்துப் பிழையோ என்றுதான் முதலில் பார்த்தேன். மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிடும்; அதில் நான் முன்பே அடிபட்டவன். பெயர் சரியாகவே இருந்தது.

காரணம் வேறு. எங்கள் ஸ்கிரிப்ட் ஸ்கீமா இருக்கிறதா என்று இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் ஸ்கீமாட்டா என்ற பட்டியலில் தேடியது. உள்ளே நுழைந்த யூசருக்கு உரிமை உள்ள ஸ்கீமாக்கள் மட்டுமே அதில் தெரியும். அந்தக் கடையின் ஸ்கீமாவை உருவாக்கியது வேறு யூசர்.

போஸ்ட்கிரெஸ்ஸின் உள் பட்டியலான பிஜி_நேம்ஸ்பேஸில் பார்த்தேன், பெயர் பளிச்சென்று இருந்தது. உரிமை இல்லாவிட்டாலும் அதில் எல்லாம் தெரியும். இப்போது ஸ்கிரிப்ட் டு_ரெக்நேம்ஸ்பேஸ் என்ற ஃபங்ஷனைக் கேட்கிறது, இது போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பு முதல் உண்டு, இல்லாத பெயருக்கு null, அதாவது வெறுமை தரும். அப்புறம் ஸ்கிரிப்ட் நுழையும் யூசருக்கு, ஸ்கீமாவுக்குள் போகும் யூசேஜ் உரிமையும், டேபிள்களுக்குத் தனியாக உரிமையும் கொடுத்தேன். ஏழு மணிக்குள் பில் ஓடியது.