மாசமாக இருக்கும்போது வீடு மாறுகிறீர்களா? மருத்துவமனையை மாற்ற அவசரப்படாதீர்கள்

எனக்கு 34வது வாரம் நடக்கும்போது சிங்கப்பூரின் வாம்போ வட்டாரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வடகிழக்கே பொங்கோலில் கிடைத்த புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோனோம். "மாசமா இருக்கறவ வாசப்படி மாத்தக்கூடாதும்மா" என்று என் மாமியார் வருத்தப்பட்டார். வாடகை ஒப்பந்தம் முடிகிறது, வேறு வழியில்லை என்று எடுத்துச் சொன்னதும் அவரே நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார், பால் காய்ச்சினோம். ஆனால் அன்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப ஆஸ்பத்திரியையும் மாத்திடுவீங்களா?"

மாற்ற வேண்டியதில்லை. பலர் செய்யும் முதல் தவறு இந்த எண்ணம்தான். இன்ன வட்டாரத்தில் குடியிருப்பவர் இன்ன மருத்துவமனையில்தான் பிள்ளை பெற வேண்டும் என்ற விதி சிங்கப்பூரில் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பவை மூன்று: கேகே மகளிர்-சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. எங்கள் புது வீட்டுக்குப் பக்கத்திலேயே செங்காங் பொது மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அங்கே பிரசவ வார்டு இல்லை. ஆக, வடக்கே உள்ள உட்லண்ட்ஸ்காரரும் பொங்கோல்காரரும் எப்படியும் தொலைவு போகத்தான் வேண்டும்.

கடைசி மாதத்தில் மாற்றினால் இழப்பது நிறைய. முதலிலிருந்து உங்கள் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் பார்த்துவந்த மருத்துவர் கைவிட்டுப் போவார். தனியார் மருத்துவர் என்றால், அவர் எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிறாரோ அங்கேதான் நீங்கள் போக முடியும். மருத்துவமனையை மாற்றினால் மருத்துவரையும் சேர்த்தே மாற்ற நேரிடலாம், கட்டிய தொகுப்புக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தனியாரிலிருந்து அரசு மருத்துவமனைக்குச் சலுகைக் கட்டணத்தில் போக நினைத்தால் பொதுவாகப் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வேண்டும். 36வது வாரத்தில் அதற்கெல்லாம் அலைய உடம்பில் தெம்பு இருக்காது.

மருத்துவமனை அப்படியே இருக்கட்டும். மாறியிருப்பது வழி, அதைத்தான் கவனிக்க வேண்டும். வாம்போவிலிருந்து, நான் பதிந்திருந்த கேகே எங்களுக்குக் கூப்பிடு தூரம். பொங்கோலிலிருந்து போவது அப்படியல்ல. கூகல் மேப்ஸைத் திறந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். திங்கள் காலை ஏழரைக்கு மத்திய விரைவுச்சாலையில் நகரை நோக்கி ஊர்ந்து பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். நாங்கள் இரண்டு முறை போய்ப் பார்த்தோம், ஒன்று காலை நெரிசலில், ஒன்று நள்ளிரவில். கூட ஆகும் அந்த நேரத்தை அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லிவிட்டோம். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் கிளம்ப வேண்டும் என்பதை அவர் பயண தூரத்தையும் வைத்துத்தான் சொல்வார். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும் என்பதால், மூத்த பிள்ளை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கேகே லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே போகிறவர்கள் நாட்காட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை காவடி ஊர்வலம் போகும், வழியில் சாலைத் தடங்களை மூடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியாவில் கார் நகராது. நமக்குத் தெரியாத விஷயமா இது? ஆனாலும் வலி வந்த பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

"எதுவா இருந்தாலும் 995 இருக்கே" என்று அவசர ஆம்புலன்ஸ் எண்ணை நம்பும் தைரியமும் பாதிதான் சரி. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் அழையுங்கள். ஆனால் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் அந்த நிலைமைக்கு ஏற்ற அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும், நாம் பதிந்து வைத்த இடத்துக்கு அல்ல. ஆபத்தில்லாத நிலையில் தனியார் ஆம்புலன்ஸுக்கு 1777 இருக்கிறது. எதை அழைத்தாலும் முதலில் முகவரியைத்தான் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்குப் புது வீட்டு எண் மனதில் நிற்கவே இல்லை. பிளாக், மாடி, வீட்டு எண், ஆறிலக்க அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் தடித்த பேனாவால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கதவு முழுவதும் அட்டைப்பெட்டித் தூசி, இரண்டு முறை துடைத்த பிறகுதான் டேப் பிடித்தது.

என்னை மிகவும் அலைக்கழித்தது காகிதங்கள்தான். மருத்துவமனைப் பையைத் தனியாக எடுத்து வைத்தேன், ஆனால் ரசீதுகள் இருந்த நீலக் கோப்பு மற்றச் சாமான்களோடு லாரியில் ஏறிவிட்டது. பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனை, ஸ்கேன் செலவுகளுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து 900 வெள்ளி வரை எடுக்கலாம். ஆனால் எனக்கு அந்த ரசீதுகளைப் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் கொடுத்துத்தான் கோர வேண்டியிருந்தது. வேறு கிளினிக்கில் பார்த்தவர்களுக்கு ரசீது தொலைந்தால் பெரிய தலைவலி. நானும் ஆரம்பத்தில் வேறு கிளினிக்கில்தான் பார்த்தேன். "சமையலறை 3" என்று எழுதிய பெட்டிக்குள், இட்லிக் குண்டானுக்கு அடியில் கோப்பு கிடைத்தபோது ஐந்து நாள் ஆகியிருந்தது. ரசீதுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் போட்டு, அந்தப் பையை லாரியில் ஏற்றாமல் கையோடு கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்தும் வையுங்கள்.

அடையாள அட்டை முகவரியைக் குடிபோன 28 நாளுக்குள் இணையத்தில் மாற்ற வேண்டும். புது முகவரிக்கு அஞ்சலில் ஒரு ரகசிய எண் வரும், அதைப் பதிவு செய்தால்தான் வேலை முடியும். பெட்டிகளுக்கு நடுவே அந்தக் கடிதத்தைத் தவறவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. மருத்துவமனையிடமும் புது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனியாகச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த 42 நாளுக்குள் லைஃப்எஸ்ஜி என்ற அரசுச் செயலியில் பிறப்பைப் பதிவு செய்யும்போது, முகவரி சரியாக இருந்தால் அந்த வேலை சில நிமிடங்களில் முடியும்.

பெட்டி தூக்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, தூக்காதீர்கள். புதுப் பெயின்ட் வாசனை போகும்வரை ஜன்னல்களைத் திறந்துவைத்து, முடிந்தால் அந்த அறையில் படுக்காமல் இருங்கள்.

திரும்பி வரும் பயணத்தையும் இப்போதே யோசியுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் காரில் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். செயலியில் அழைக்கும் தனியார் வாடகை காருக்கும் இது பொருந்தும், டாக்சிக்கு மட்டும் விலக்கு. ஆனாலும் புது வீடு தொலைவு என்பதால் நாங்கள் இருக்கையை முன்கூட்டியே வாங்கி, என் அண்ணன் காரில் 36வது வாரத்திலேயே பொருத்திவிட்டோம்.