கர்ப்ப காலத்தில் பல்லும் ஈறும்: முதல் மாதத்திலிருந்தே தொடங்கலாம்

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் வருகிறதா? பலர் பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமல் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஈறு இன்னும் கெட்டுப்போக அதுவே போதும்.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறுகின்றன. அதனால் பல்லோரத்தில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் ஈறு சிவந்து வீங்கிவிடும். இரண்டாவது மாதம் வாக்கில் தொடங்கி, எட்டாவது மாதத்தில் அதிகமாக இருக்கும். ஹார்மோனை நம்மால் குறைக்க முடியாது. அழுக்கை எடுத்துவிட முடியும்.

‘பிள்ளைக்குச் சத்து போகிறது, தாய்க்குப் பல் போகத்தான் செய்யும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் மனதைத் தளரவிடாதீர்கள். பல்லில் இருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போவதில்லை. அது நீங்கள் சாப்பிடுவதிலிருந்து போகிறது. அது போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும். பல் கெடுவது கிருமியாலும் இனிப்பாலும் அமிலத்தாலும்தான். இவை மூன்றையும் தடுக்க வழி இருக்கிறது.

1. பிரஷ்ஷை மாற்றுங்கள்

மென்மையான நார், சின்னத் தலை உள்ள பிரஷ் வாங்குங்கள். பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று டியூபின் பின்பக்கம் பாருங்கள். 1000 பிபிஎம்மோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். உப்பு, கரி, செங்கல்பொடி எதுவும் வேண்டாம். அவை பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும்.

2. ஈறோரம் தேய்ப்பது எப்படி

கண்ணாடி முன்னால் நின்றுகொள்ளுங்கள். பிரஷ்ஷைப் பேனா பிடிப்பது போல விரல்நுனியால் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். நார்களில் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து வையுங்கள். ஒரே இடத்தில் சின்னச் சின்ன அசைவாக ஏழெட்டு முறை ஆட்டிவிட்டு அடுத்த இரண்டு பற்களுக்குப் போங்கள். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை மறக்காதீர்கள். காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, சீக்கிரம் படிவது அங்கேதான். அந்த இடத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

காலையும் இரவும் இரண்டு நிமிடம். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஃபுளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கட்டும். இரவில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலும் பயன்படுத்துங்கள். தினமும் ஒழுங்காகச் செய்தால் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைவது தெரியும். குறையவில்லை என்றால் உள்ளே காரை இருக்கும், அதை பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

3. வாந்தி வந்த உடனே பல் தேய்க்காதீர்கள்

வாய் கசக்கும், உடனே தேய்க்கத்தான் தோன்றும். ஆனால் வயிற்று அமிலம் பட்டதும் பல்லின் மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் அது சேர்ந்தே போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். சோடா இல்லையென்றால் வெறும் தண்ணீர். பல் தேய்க்க அரை மணி நேரமாவது கழியட்டும், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது.

பேஸ்ட் வாசனையே குமட்டினால் மணம் குறைந்ததற்கு மாறுங்கள். காலையில் முடியவே இல்லையா? சரி, வயிறு அடங்கிய பிறகு பத்து மணிக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து தேய்த்தால் குமட்டல் குறையும்.

4. நொறுக்குத்தீனி

மாங்காயும் புளியும் கேட்டால் சாப்பிடுங்கள், ஆனால் நாள் முழுக்க வாயில் வைத்துச் சப்ப வேண்டாம். ஒரே நேரத்தில் சாப்பிட்டு வாயைக் கொப்பளித்துவிடுங்கள். மசக்கைக்குத் தலைமாட்டில் பிஸ்கட் வைத்திருப்பவர்கள் நடுவில் பொட்டுக்கடலைக்கு மாறலாம். வெற்றிலையோடு பாக்கு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

5. பல் டாக்டரிடம் போவது

‘பிரசவம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று வலியோடு மாதக்கணக்கில் இருப்பதை நினைத்தாலே எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. சொத்தை அடைப்பது, காரை எடுக்கும் ஸ்கேலிங், ரூட் கெனால், பல் பிடுங்குவது எல்லாம் கர்ப்ப காலத்தில் செய்யக்கூடியவை. நான்காவது முதல் ஆறாவது மாதம் வரை உட்கார வசதியாக இருக்கும். ஆனால் வலியோ வீக்கமோ இருந்தால் மாதம் பார்க்காதீர்கள். மரத்துப்போக வழக்கமாகப் போடும் லிடோகெய்ன் ஊசி போட்டுக்கொள்ளலாம். தேவைப்பட்டால் ஈய உடுப்பு போர்த்தி எக்ஸ்ரேயும் எடுக்கலாம்.

உள்ளே போனதும் எத்தனை மாதம் என்பதைச் சொல்லுங்கள். தாய்-சேய் அட்டையும் சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். கடைசி மாதங்களில் நாற்காலியில் மல்லாந்து படுத்தால் வயிற்றின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரலாம். வலது இடுப்புக்கு அடியில் சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள்.

மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். வலிக்குப் பொதுவாகக் கொடுப்பது பாராசிட்டமால். அதையும் டாக்டர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, நீங்களாகத் தொடவே கூடாது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் குழந்தையின் பற்களில் கறையாக இறங்கிவிடும். பால்பற்கள் கருவின் ஆறாவது வாரம் வாக்கிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன.

முகம் வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

6. ஈறில் சிவப்புக் கட்டி வந்தால்

சிலருக்கு இரண்டு பற்களுக்கு நடுவே, தொட்டாலே ரத்தம் வரும் சின்னக் கட்டி வளரும். இது கர்ப்ப காலத்தில் வருவதுதான், புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். இருந்தாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

7. குழந்தை பிறந்த பிறகு

சில மாதங்கள் ஆகியும் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்றால் திரும்பவும் பல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் சொத்தையையும் அடைத்துவிடுங்கள். சொத்தையை உண்டாக்கும் கிருமி எச்சில் வழியாகவே குழந்தைக்குப் போகிறது. சோறூட்டும் வயது வந்ததும் குழந்தைக்கென்று தனி ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள். சூடு பார்க்க அதை வாயில் வைக்காமல் புறங்கையில் தொட்டுப் பாருங்கள்.